பெரியப்பாவின் டூட்டி

நாம் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் ஆரம்பிக்கும், சர்க்கரைக்குப் போகும், கடைசியில் மறதியில் வந்து நிற்கும். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற கூட்டம்தானே நாம். போன வாரம் நம்மில் ஒருத்தி வேறு மாதிரி ஒன்றைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு நினைவு தப்பிப் போய் நாளாகிறது. இப்போது சாப்பாட்டு வேளையில் கை நீட்டி அடிக்கிறாராம். "இத்தனை வருஷத்தில் ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன்" என்று அழுதாள். நீங்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கதைதான் சொல்ல வரும். அதனால் இதை எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் ஏரிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே எங்கள் ஓட்டு வீடு. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த தம்பி, அப்புறம் பெரியப்பா. பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். இருவருக்கும் தகப்பன் பிள்ளை அளவுக்கு வயது வித்தியாசம். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அப்பாவைக் கடைசிவரை "நைனா" என்றுதான் கூப்பிட்டார்.

தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அந்த நிலங்களில் ஒரு பகுதி கம்பெனியாக மாறியபோது, மதில் கட்ட மண் சுமக்கப் போன பெரியப்பா அப்படியே உள்ளே தங்கிவிட்டார். காக்கிச் சட்டை, நம்பர் போட்ட பித்தளை வில்லை, முதல் தேதி பிறந்தால் சம்பளம். பிறகு அப்பாவையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மழை பெய்ததா, பொய்த்ததா என்று வானத்தைப் பார்க்காமல் சோறு தின்ற வீடு எங்கள் தெருவில் எங்களுடையதுதான் முதல். அதனால் கம்பெனியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசிவிட முடியாது. சாமி பேரைச் சொல்லிக்கூடத் திட்டலாம், கம்பெனி பேரைச் சொல்லித் திட்டக்கூடாது.

வீட்டில் கடிகாரம் கிடையாது. கம்பெனிச் சங்குதான் கடிகாரம். காலைச் சங்குக்குக் கஞ்சி, மதியச் சங்குக்குச் சோறு, சாயங்காலச் சங்குக்கு டீயும் பொறை ரொட்டியும். சங்கு ஊதும்போது அடுக்குப் பலகையில் இருக்கும் அலுமினியத் தட்டுகள் மெல்ல அதிரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. எச்சில் ஊறினால் சர்க்கரை மாத்திரைதான் ஞாபகம் வருகிறது.

பெரியப்பா ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ரேஷன் கடைக்குப் போனவர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வந்தார். சட்டைக்குள் காலை விட்டார். என்னை யாரென்று கேட்டு, சொன்னதும் "அப்டியா, சந்தோசம்" என்று கைகூப்பினார். எங்கள் தெருவில் அதற்கு வியாதி என்று பேரில்லை. "பெருசுக்கு வயசாயிட்ச்சு" என்பார்கள், அவ்வளவுதான். அவரால் யாருக்கும் தொல்லையும் இல்லை.

தொல்லை அந்தக் கோடையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டிருந்த சமயம். ஒரு நாள் மதியச் சங்கு ஊதியது. வழக்கம்போல் தட்டு வந்தது. பெரியப்பா ஒரு வாய் வைத்தார், அலறினார், தட்டைச் சுவரில் அடித்தார். குழம்பு சுவரில் வழிந்தது. எழுந்து வாசலைப் பார்த்து, "கம்பெனிக்குப் போவணும், கம்பெனிக்கு இட்டுகினு போ" என்று கத்தினார். மறுநாளும் அப்படித்தான். சாயங்காலம் டீ டம்ளர் பறந்தது. எப்போதும் சங்குக்குப் பின்னால்தான் இது நடந்தது.

அப்பா இதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"சங்கு ஊதுனா ஷிப்டுக்கு ஓடுன ஒடம்பு அது. புத்தி பூட்டாலும் டூட்டி போவல பாரு எங்கண்ணனுக்கு!"

தெருவே இதை ஒப்புக்கொண்டது. கம்பெனிச் சோறு தின்ற எந்த வீட்டிலும் அது சரியான விளக்கமாகத்தான் பட்டிருக்கும். அம்மா பழைய காக்கிச் சட்டையைத் துவைத்து வைத்தாள். தட்டு பறந்ததும் நான் அவருக்கு அந்தச் சட்டையை மாட்டி, கையில் வெறும் தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, கம்பெனிக் கேட்டுவரை கூட்டிப் போக வேண்டும். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பெரியப்பாவுக்குப் பழக்கமானவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து சலாம் வைப்பார்.

"இன்னா அண்ணாத்தே, டூட்டிக்கு வந்துகினியா? இன்னிக்கு வேல முட்ஞ்சிச்சி. ஊட்டுக்குப் போ, நாளைக்கு வா."

பெரியப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பார். "தொறயேன்பா, தொறயேன்" என்று கெஞ்சுவார். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையில் நுங்கு விற்கும். நான் ஒரு நுங்கை நசுக்கி அவர் வாயில் ஊட்டுவேன். அமைதியாக விழுங்குவார். மோவாயில் வழியும் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் படுத்துக்கொள்வார். "கேட்டப் பாத்துட்டு வந்தா மனசு ஆறிப் பூடுது" என்றார் அப்பா. எங்கள் வைத்தியம் பலித்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். எனக்கும் அந்த நடை பிடித்திருந்தது. தினமும் நுங்கு கிடைத்தால் எந்தக் குழந்தைக்குத்தான் கசக்கும்?

அவர் இளைத்துக்கொண்டே வந்தார். தட்டைத் தூக்கிப் போடுகிறவர் இளைக்காமல் என்ன செய்வார் என்று விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து சவரம் செய்கிறவர் தாடையில் கத்தியை வைத்ததும் பெரியப்பா அவரை ஓங்கி அறைந்தார். அவர் "இனிமே நம்மளால ஆவாது சாமி" என்று பெட்டியை மூடிக்கொண்டு போனார். தாடி வளர்ந்தது. குழந்தையும் முடி வெட்ட விடாது, கிழவரும் விடமாட்டார் என்று அதற்கும் அப்பாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா அம்மாவுக்கு மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது, கை படக்கூடாது. நம் வீடுகளில் அப்போது அதுதான் மரியாதை. அம்மா முந்தானையை முக்காடாக இழுத்துக்கொண்டு வந்து தட்டை வைத்துவிட்டு அடுக்களைச் சுவருக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கிருந்தே, "பாப்பா, ஒங்க பெரிப்பாக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பாள். நான் கேட்பேன். அவர் எனக்குப் பதில் சொல்லுவார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்குப் பொங்கிப் போட்டவள், அவர் சாப்பிடுவதை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு விழுகிற சத்தம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அப்பா பகலெல்லாம் கம்பெனியில். நான் அவர் எதிரில்தான் இருப்பேன், ஆனால் என் கண் என் தட்டில் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஸ்ட்ரைக் வந்தது. சங்கு நின்றுபோனது.

சங்கு இல்லாமல் ஊரே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் வெயிலைப் பார்த்து உலை வைத்தார்கள். ஆண்கள் பட்டப்பகலில் லுங்கியோடு தெருவில் நின்றார்கள். எங்கள் வீட்டில் மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சங்கு ஊதாவிட்டால் பெரியப்பா அடங்கிவிடுவார் அல்லவா? முதல் நாள் மதியம் அம்மா நிழலை வைத்து நேரம் பார்த்துச் சோறு போட்டாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பா ஒரு வாய் வைத்தார். தட்டு பறந்து அப்பாவின் முழங்காலில் விழுந்தது.

சுவருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சங்குதான் ஊதலயே?"

அப்பா முழங்காலில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டபடி சொன்னார். "அதான் கோவம். சங்கு ஊதலயேன்னு கோவம்."

ஊதினாலும் டூட்டி, ஊதாவிட்டாலும் டூட்டி. அம்மாவின் மனதில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கும் நான் அவரைக் கேட்டுக்குக் கூட்டிப் போனேன். கேட் முன்னால் பந்தல் போட்டு, கொடி கட்டி, ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டையும் தூக்குமாக வந்த பெரியப்பா அவர்களைத் தாண்டிப் போய்க் கேட்டைப் பிடித்து உலுக்கினார். "தொறங்கடா! நா உள்ள போவணும்!"

ஒருவன் சிரித்தான். இன்னொருவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா பெருசு, நாங்க வெளிய கீறோம், நீ உள்ள போறியா? கருங்காலியா நீ?" என்றான். எங்களுக்கு முன்பே பந்தலுக்குத் திரும்பியிருந்த அப்பா ஓடிவந்து அண்ணனை இழுத்தார். அவர் கம்பியை விடவில்லை. இழுத்த இழுப்பில் சட்டை தோளில் கிழிந்தது. அப்பாவின் முகம் அன்று இருந்ததுபோல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவந்த அதே டூட்டிக்காக அன்று கூனிக் குறுகி நின்றார். "இனிமே அவர கேட்டாண்ட இட்டாராத" என்று என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நடை நின்றது. நுங்கும் நின்றது. பெரியப்பா பகலெல்லாம் "கம்பெனிக்கு இட்டுகினு போ" என்று முனகிக்கொண்டே கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒரு சாயங்காலம் தம்பி தத்தித் தத்திப் போய் அவர் மடியில் ஏறி, விளையாட்டாகத் தாடியைப் பிடித்து இழுத்தான். அவர் அலறிக்கொண்டு அவனைத் தூக்கி எறிந்தார். வாசற்படியில் தலை பட்டு ரத்தம் வந்தது. அம்மா பிள்ளையை வாரிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். பெரியப்பா சுவரோரம் ஒண்டிக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டு அம்மாவின் தம்பி வந்தார். பூந்தமல்லியில் டாக்சி ஓட்டுகிற மாமா. கெட்டவர் இல்லை, ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மாமே, கொய்ந்தைய கொன்னுட்டா அப்பால அழுது இன்னா பண்ணுவ? இது வயசு இல்ல, பைத்தியம். கீழ்ப்பாக்கத்துல சேத்துடு. திங்கக்கெயம நானே வண்டி எட்த்துகினு வரேன்."

"என்ன வளத்தவருடா அவுரு" என்றார் அப்பா.

"இத்தயும் நீதான் வளக்கணும்" என்று மாமா தம்பியைக் காட்டினார். அவன் தலையில் துணிக்கட்டு இருந்தது. அப்பா அந்தக் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். அன்று முதல் பெரியப்பாவை முன்னறையில் வைத்து வெளியே தாழ் போட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் அவர்களைக் கல்லெடுத்து விரட்டினேன். போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்கும் புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வண்டி வந்துவிடும். அம்மா விடிந்ததும் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். பெரியப்பாவுக்கு உயிர் அது. தெருமுனைவரை மணத்தது. முன்னறையில் தட்டை வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா அடுக்களையில் இல்லை. முன்னறைக் கதவுக்குப் பின்னால், இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டுச் சோற்றைக் கடைசியாக அவர் தின்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதாம்.

பெரியப்பா குழம்பு மணத்துக்கு முகத்தை நீட்டினார். ஆசையாகத்தான் பிசைந்தார். வாயில் வைத்தார். மென்றதும் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. உருண்டையை இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் தெரியாமல் கண்ணில் நீர் கொட்ட உட்கார்ந்திருந்தார். இடது கை மெல்ல எழுந்து தாடிக்குள் போய்த் தாடையை அழுத்திக்கொண்டது. அப்புறம்தான் தட்டு பறந்தது.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தலையில் முக்காடு இல்லை. நேராக அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"வாயத் தொறங்க மாமா."

அப்பா ஓடிவந்தார். "ஏய், இன்னா பண்றே? ஒனக்கு மூத்தார் அவுரு! எட்டி வா!"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் அவர் பின்னந்தலையைப் பிடித்தாள். அவர் அடித்தார். அடி அவள் தோளில் விழுந்தது. "அடிங்க, பரவால்ல, வாய மட்டும் தொறங்க" என்று குழந்தையிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினாள். எப்படியோ திறந்தார். எனக்கு வாசலிலேயே நாற்றம் அடித்தது. கடைவாயில் ஒரு பல் பாதி உடைந்து ஊசிபோல் நின்றது. சுற்றிலும் ஈறு கறுத்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. உடைந்த முனை கன்னத்தைக் குத்திக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. தாடியை விலக்கினால் வெளியிலும் வீக்கம்.

அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "சந்தையில மாடு புடிச்சா பல்லத் தொறந்து பாக்குறீங்க இல்ல? வருசம் பூரா சோறு போட்டோம், ஒருத்தராவது இவரு வாயத் தொறந்து பாத்தமா?"

அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை மாமா சொன்னபடி வண்டியோடு வந்தார். அம்மா முதல் ஆளாகப் பெரியப்பாவின் கையைப் பிடித்து ஏற்றினாள். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ஆவடிக்குப் போகச் சொன்னோம். அங்கே பட்டாளத்தில் பல் பிடுங்கி ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். "கீழ்ப்பாக்கம் அந்தாண்ட கீது, ஆவடி இந்தாண்ட கீது, எதுன்னு ஒயுங்கா சொல்லுங்க" என்று மாமா தலையைச் சொறிந்தார். அம்மா பல்லைப் பற்றிச் சொன்னதும் வண்டியைத் திருப்பினார்.

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து உள்ளே பார்த்தார். "இந்த வலியில் நானாக இருந்தால் ஊரையே அடித்திருப்பேன்" என்றார். ஊசி போட்டு, சீழை எடுத்து, உடைந்து மிச்சமிருந்த அந்தப் பல்லையும் பிடுங்கினார். மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்திருந்தார்கள். பெரியப்பா அதிகம் திமிறவில்லை. கண்ணை அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வாயில் பஞ்சு. தாடியில் ரத்தக்கறை. கொஞ்சநேரம் கழித்துப் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு அப்பாவிடம் குழறிக் குழறிப் பேசினார். கோபமே இல்லை.

"கம்பெனி டாக்டரு நல்ல டாக்டரு. ரவ நேரத்துல எட்த்துட்டாரு பாரு. அப்பவே கம்பெனிக்கு இட்டுகினு போ, இட்டுகினு போன்னு சொன்னேனே நைனா. கேட்டாண்டயே நிக்க வெச்சி, நிக்க வெச்சி இட்டாந்துட்டீங்களே."

கம்பெனியில் கேட்டைத் தாண்டியதும் ஒரு மருத்துவ அறை உண்டு. விரல் நசுங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் அங்கேதான் போவார்கள். பெரியப்பா ஆயுசில் வேறு டாக்டரைப் பார்த்ததே இல்லை. இதை அப்பா பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்த நிமிஷம் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு, டாக்டர் இருக்கிறார், மச்சான் இருக்கிறான், பெண் இருக்கிறாள் என்றெல்லாம் பார்க்காமல் ஓவென்று அழுதார்.

பெரியப்பாவுக்கு அழுகிற ஆள் யாரென்று தெரிந்ததா, அதற்குள் மறந்துவிட்டதா, தெரியாது. குனிந்து அப்பாவின் தலையைத் தடவினார். முகத்தை நிமிர்த்தி உற்றுப் பார்த்தார்.

"எங்கேப்பா வலிக்கிது?" என்று கேட்டார்.